வண்டி சாயவே இல்லை

உங்களுக்கு எந்தத் தோள் சார்? இடதா. எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்காரிக்குத்தான். வலது தோள். உள்ள பயிற்சியில இருக்கா. உக்காருங்க, டோக்கன் முப்பத்தொண்ணுன்னா இன்னும் முக்கா மணி நேரமாவது ஆகும். இங்க யாரையும் அவசரப்படுத்த முடியாது. கால் ஒடிஞ்சவன்கூட மூணு மாசத்துல நடந்து போயிடுறான். தோள் போனவன் வந்துக்கிட்டே இருக்கான்.

எப்படி அடிபட்டுச்சுன்னுதான கேக்க வாறீங்க? கேளுங்க, தப்பில்ல. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. அதச் சொல்லிச் சொல்லித்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன்.

நான் பஸ் டிரைவர் சார். கவர்மெண்டு பஸ். வீரணன்னு பேரு, உசிலம்பட்டிப் பக்கம். இருபத்தாறு வருசம் சர்வீஸ். ஒரு விபத்து கிடையாது. ஒரு ஆட்ட இடிச்சதில்ல, ஒரு கோழி மேல ஏத்தினதில்ல. விபத்தில்லாம ஓட்டுனதுக்குப் பதக்கம் குடுத்தாங்க, மேடையில ஏறி வாங்கினேன். ரிட்டையராக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அது வரைக்கும் பேரு கெடாமப் போயிரணும், அதுதான் எனக்கு. பெருமைக்குச் சொல்லல. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

போன ஆவணியில, வத்தலக்குண்டுல ஒரு காதுகுத்து. என் மச்சினன் பேத்திக்கு. நானும் இவளும் என் டூவீலர்ல போயிட்டுத் திரும்பி வாறோம். இவ பேரு தனபாக்கியம். பாக்கியம்னுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் அஞ்சு மணி, நல்ல வெளிச்சம், ரோடு காலி. எதுத்தாப்புல எங்க டிப்போ பஸ் வருது. ஓட்டிட்டு வாறவன் நம்ம ஆளு. ஆரன அடிச்சுக் கைய ஆட்டினான். அவன் ஆட்டினா நாம ஆட்டணும்ல, அது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. நானும் இடது கையத் தூக்கி ஆட்டினேன். அந்நேரம் பாத்து வேகத்தடை. வெள்ளக்கோடு போடாத வேகத்தடை சார். போட்டவனச் சொல்லணும்.

வண்டி ஒரு தூக்கு தூக்குச்சு. நான் சமாளிச்சிட்டேன். இருபத்தாறு வருச அனுபவம் சும்மாவா? வண்டி சாயவே இல்ல. ஒரு கீறல் இல்ல. பத்தடி தள்ளி நிப்பாட்டித் திரும்பிப் பாக்குறேன், இவ ரோட்டுல கெடக்கா.

ஒருபக்கமா உக்காந்திருந்தா. மடியில தாம்பூலப் பை. அந்தப் பையப் பிடிச்ச கையால என்னையப் பிடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டா. அத அவகிட்டயே சொல்லியிருக்கேன். கைய ஊனக்கூட நேரமில்ல, தோளு நேராப் போயித் தார்ல மோதியிருக்கு. எந்திரிச்சு உக்காந்து, "பை எங்கங்க?"ன்னு கேட்டா. அதான் பாக்கியம். நான் பையப் பொறுக்கிக் குடுத்தேன்.

நீங்களே சொல்லுங்க. வண்டி விழல. ஓட்டுனவன் விழல. எதுலயும் மோதல. அதுக்குப் பேரு விபத்தா?

அதே வண்டியில ஏத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வாசல்ல நிப்பாட்டும்போதுதான் எனக்குத் தோணுச்சு. வண்டியில இருந்து விழுந்தான்னு சொன்னா ஆக்சிடெண்டுன்னு எழுதுவான். போலீசுக்குத் தகவல் போகும். ஓட்டுனது யாருன்னு கேப்பான். என்ன வேலைன்னு கேப்பான். கவர்மெண்டு பஸ் டிரைவர், பதக்கம் வாங்குனவன், பொண்டாட்டியக் கீழ போட்டுட்டான்னு டிப்போவுல பேசுவாங்க. மெமோ வரும். பாக்கியத்துகிட்டச் சொன்னேன், வீட்டுல தொவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்தேன்னு சொல்லுன்னு.

"எதுக்குங்க?"ன்னா.

சொல்றதச் சொல்லுன்னேன். சரின்னுட்டா. மொகமெல்லாம் வேர்த்து, வலது கைய இடது கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குறா, சரின்னுட்டா. எனக்கு வாச்சவ அப்படி. முப்பது வருசத்துல ஒரு சொல்லுக்கு மறுசொல்லு கிடையாது.

உள்ள சின்ன வயசு டாக்டரம்மா. நல்ல புள்ளதான், பொறுமையாக் கேட்டுச்சு. வழுக்குனப்ப கைய ஊனுனீங்களா, இல்ல தோள் நேரா அடிபட்டுச்சான்னு. பாக்கியம் என்னையத் திரும்பிப் பாத்தா. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே. வழுக்கி விழுறவ கையத்தான ஊனுவா? நானே சொன்னேன், கையத்தான் ஊனினான்னு. டாக்டரம்மா மணிக்கட்டு, முழங்கை எல்லாம் அமுக்கிப் பாத்துச்சு. தோளையும் பாத்துச்சு. மயக்கமா வருதுன்னு படுத்தே இருந்தா, படுக்க வச்சே எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு முறியல. கையக் கழுத்துல மாட்டித் தொங்கவிட ஒரு பட்ட குடுத்து, ஒரு வாரம் கழிச்சு எலும்பு டாக்டர் வருவார், வீக்கம் வடிஞ்சதும் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்கன்னு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு.

எலும்பு முறியலன்னதும் எனக்குப் போன உசுரு வந்துச்சு. அந்த ஒரு வாரம் கழிச்சு எனக்கு டூட்டி. அடுத்த வாரமும் டூட்டி. வலிக்குதான்னு தினம் கேட்டேன் சார், கேக்காம இல்ல. பரவாயில்லன்னா. பரவாயில்லன்னு சொல்றவள எதுக்கு இழுத்துட்டுப் போகணும்?

அவளுக்கும் வேலை இருக்கு. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்குறா. நூத்திநாப்பது புள்ளைக. அந்தச் சோத்துக் குண்டானை நீங்க பாத்திருக்க மாட்டீங்க, ரெண்டு பொம்பளைக சேர்ந்து தூக்கி வடிக்கணும். பத்தாம் நாளே போயிட்டா. பட்டயக் கழட்டிப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிருக்கா, வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயந்து. இடது கையால காய் அரிஞ்சிருக்கா. குண்டானைத் தூக்கும்போது மட்டும் வலதையும் குடுத்திருக்கா. எனக்கு இதெல்லாம் பின்னால தெரிஞ்சது.

ஒரு மாசம் இருக்கும். தலை சீவிவிடச் சொன்னா. வலது கை தலைக்கு எட்டல. நான் சீவி விட்டேன் சார், ஜாக்கெட்டுக் கொக்கி மாட்டிவிட்டேன். எங்க ஊருல எந்த ஆம்பள செய்வான்? அப்பத்தான் பாக்குறேன், தோளு மேல ஒரு மேடு. எலுமிச்சம்பழம் அளவுக்கு எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கத் தோளும் இந்தப் பக்கத் தோளும் ஒண்ணுபோல இல்ல. வலது பக்கம் எறங்கித் தொங்குது.

கட்டுக் கட்டுற வைத்தியர் ஒருத்தர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். வயசான மனுசன். மேட்ட வெரலால அமுக்கினார், அமுங்குச்சு. வெரல எடுத்தார், மேல வந்துருச்சு. ரெண்டு தரம் அப்படிப் பாத்துட்டு, எப்படி விழுந்தான்னு கேட்டார். தொவைக்கிற கல்லுன்னேன். அவர் இவ மொகத்தப் பாத்தார். கல்லுல வழுக்குனவளுக்கு இது வராதே, மரத்துல இருந்து, வண்டியில இருந்து விழுறவனுக்குல்ல வரும்னார். எலும்பு ஒடிஞ்சா நான் கட்டுவேன், இது ஜவ்வு அத்துப் போனது, என் கட்டுக்கு நிக்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு எண்ணெய்கூடத் தொடாம அனுப்பிட்டார்.

எனக்குக் கோவம். இந்த ஆளுக்கு என்ன தெரியும், போலீஸ் மாதிரி கேக்குறான்னு வழிபூராம் திட்டிக்கிட்டே வந்தேன். உண்மையச் சொல்லுங்க சார், அன்னிக்குப் பாக்கியம் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மதுரைக்கு வண்டியத் திருப்பியிருக்க மாட்டேனா?

அப்புறமும் மூணு மாசம் போச்சு. தைலம், ஒத்தடம், மாத்திரை. ஒருநா பள்ளிக்கூடத்துல வடிக்கும்போது கை நழுவிருச்சு. நல்லவேளை, புள்ளைக யாரும் பக்கத்துல இல்ல. கொதிக்கிற கஞ்சி, கூட இருந்த பொம்பள காலுல தெறிச்சிருச்சு. அவ சத்தம் போட, எட்மாஸ்டர் வர, கைய சரி பண்ணிட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் பாக்கியம் அழுது பாத்தேன். வலிக்கு அழல. அந்தப் பொம்பள காலு வெந்துபோச்சேன்னு அழுதா.

மதுரைக்குக் கூட்டிட்டு வந்தேன். இந்த ஆஸ்பத்திரிதான், மேல இருக்காரே பெரிய டாக்டர், அவர்கிட்டத்தான். நிதானமான மனுசன். ரெண்டு தோளையும் தெறந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தார். வலது கைய நெஞ்சுக்குக் குறுக்க கொண்டு போயி இடது தோளத் தொடச் சொன்னார். பாதி போறதுக்குள்ள ஒதட்டக் கடிச்சுக்கிட்டா. அப்புறம் நிக்க வச்சு, ரெண்டு கையிலயும் கனம் கட்டித் தொங்கவிட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுக்கப்புறம் பெரிய ஸ்கேனு.

படத்தக் காட்டிச் சொன்னார். கழுத்துல இருந்து வருது பாருங்க காறை எலும்பு, அதயும் தோள்பட்டையவும் கயிறு மாதிரி ஜவ்வுகள் பிடிச்சு வச்சிருக்கும், இவங்களுக்கு அது எல்லாமே அத்துப் போச்சு. நீங்க எலும்பு மேல வந்துருச்சுன்னு நெனைக்கிறீங்க, அப்படியில்ல, எலும்பு இருந்த எடத்துலதான் இருக்கு, பிடிக்க ஆளில்லாம கைதான் கீழ எறங்கிப் போச்சுன்னார். இந்தத் தோள வச்சுக்கிட்டு இவங்க நாலு மாசம் சமைச்சிருக்காங்களான்னு கேட்டார். நான் தலைய ஆட்டினேன்.

அப்புறம் அவரும் அதே கேள்வி. எப்படி விழுந்தீங்க?

"வழுக்கி விழுந்தேன் டாக்டர்"னு பாக்கியம் சொன்னா. நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல. அவளாவே சொன்னா.

கைய ஊனி விழுந்தா இது இப்படி ஆகுறது ரொம்ப அபூர்வம், தோளு நேரா மோதினாத்தான் ஆகும்னு அவர் சொன்னார். பழைய சீட்டப் பொரட்டிப் பாத்தார். மொத நாளே நேரா அடின்னு தெரிஞ்சிருந்தா அவங்களும் நிக்க வச்சு ரெண்டு தோளையும் எடுத்துப் பாத்திருப்பாங்க, மூணு வாரத்துக்குள்ள வந்திருந்தா அத்துப்போன ஜவ்வ அது எடத்துலயே சேத்துப் பிடிச்சு ஆற வச்சிருக்கலாம், இப்ப அது சுருங்கிப் போச்சு, காலுல இருந்து ஒரு நரம்ப எடுத்து அந்த எடத்துல கட்டணும்னார். நரம்புன்னா நரம்பில்ல, தசையோட கயிறாம். கட்டினாலும் பழைய கை வருமான்னு கேட்டேன். முன்னப்போல குண்டான் தூக்க விடமாட்டேன்னார்.

நான் வாயத் தெறந்தேன் சார். சத்தியமா. சொல்லிரலாம்னுதான் தெறந்தேன். நாலு மாசம் கழிச்சு இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு மூடிக்கிட்டேன்.

இங்கதான் நீங்க ஒண்ணக் கேக்கணும். எங்க யூனியன்ல மொக்கராசுன்னு ஒருத்தர், சட்டமெல்லாம் தெரிஞ்சவர். ஆபரேசனுக்கு லீவு கேக்கப் போனப்ப மனசு தாங்காம அவர்கிட்ட நடந்ததச் சொன்னேன். அவர் சிரிச்சிட்டார். ஏய்யா, சொந்த வண்டி, சொந்தப் பொண்டாட்டி, டூட்டியில இல்ல, யாரு உம்மேல புகார் குடுக்கப் போறா, உன் பொண்டாட்டியா குடுப்பா, டிப்போவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னார். ஒண்ணும் ஆகியிருக்காதுன்னார். நீயே பயந்துட்டு நீயே பொய் சொல்லியிருக்கன்னார்.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நாலு மாசமா நெஞ்சுல கெடந்த கல்லு எறங்குன மாதிரி. நேரா வீட்டுக்கு வந்து, அடுப்படியில நின்னவகிட்டச் சொன்னேன். பாக்கியம், அன்னிக்கு உள்ளதச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்ணும் வந்திருக்காதாம், மொக்கராசு சொல்லிட்டார், இனிமே பயமில்லன்னேன். அவளும் சந்தோசப்படுவான்னு நெனச்சேன்.

அவ இடது கையால அடுப்ப அணைச்சா. அணைச்சிட்டு என்னையப் பாத்து, "அப்ப எதுக்கு?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. நான் என்னென்னமோ சொன்னேன். ரிட்டையர்மெண்டச் சொன்னேன், பென்சனச் சொன்னேன், எல்லாம் உனக்காகத்தானன்னு சொன்னேன். மறுநாள் காலைல தலை சீவி விடுறேன்னு நான் சீப்பெடுத்துட்டுப் போனா, வேணாம்னுட்டா. மத்தியானம் தனியா பஸ் ஏறி உசிலம்பட்டிக்குப் போயி, பியூட்டி பார்லர்ல முடியக் கழுத்தோட வெட்டிக்கிட்டு வந்து நிக்குறா. இடுப்புக்குக் கீழ தொங்குன முடி சார். நாப்பத்தொம்பது வயசுல. என்னம்மா இதுன்னேன். இப்ப நானே சீவிக்கிருவேன், இடது கையாலன்னா.

ஆபரேசனுக்கு மொத நாள் இங்க அட்மிசன். சின்ன டாக்டர் ஒருத்தர் பேப்பரோட வந்து, பேரு, வயசு, சுகர் இருக்கா, பிரசர் இருக்கா, எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில, எப்படி அடிபட்டுச்சு?

"இவரு கூட வண்டியில வரும்போது விழுந்தேன். தோளு நேரா ரோட்டுல அடிச்சது"ன்னா.

என்னையப் பாக்கல. சத்தமாச் சொல்லல, கோவமாச் சொல்லல. ஊரு பேரச் சொல்ற மாதிரி சொன்னா. சின்ன டாக்டர் பழைய சீட்டப் பாத்தார், என்னையப் பாத்தார், வண்டிய யாரு ஓட்டுனதுன்னு கேட்டார்.

"அவரையே கேளுங்க"ன்னா.

நான்தான் ஓட்டுனேன்னு சொன்னேன். ஆனா வண்டி சாயலன்னும் சொன்னேன். அவர் அத எழுதிக்கல. மொதல் பாதிய மட்டும் எழுதிக்கிட்டுப் போயிட்டார். போலீசும் வரல, மெமோவும் வரல. ஒண்ணுமே வரல சார்.

நாலு மாசம் நான் சொன்னபடி சொன்னவ அன்னிக்கு எதுக்கு மாத்தினா? அதுதான் இன்னும் எனக்குப் புரியல. சொல்லணும்னா மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?

ஆபரேசன் நல்லாத்தான் நடந்துச்சு. மேடு அமுங்கிருச்சு. ஆறு வாரம் கைய அசைக்கக் கூடாதுன்னு கட்டி வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்தப் பயிற்சி. ஆறு வாரம் சும்மா கெடந்த கை மரக்கட்டையாட்டம் எறுகிப் போச்சு, கொஞ்சங்கொஞ்சமாத்தான் தூக்கிப் பழக்கணுமாம். பள்ளிக்கூடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. இவ ஆறாத கைய வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா மத்தியான மணி அடிக்கறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

போன வாரம் உள்ள பயிற்சி குடுக்குற பொண்ணு என்னையக் கூப்பிட்டுச்சு. வீட்டுல நீங்க செஞ்சு விடணும், கத்துக்கங்க சார்னு. இவளப் படுக்க வச்சு, ஒரு கையால முழங்கையத் தாங்கணும், ஒரு கையால மணிக்கட்டப் பிடிக்கணும், மெதுவா மேல தூக்கணும், வலிக்குதுன்னு அவங்க சொன்னா அந்த எடத்துல நிப்பாட்டணும். அதுதான் அளவு. ஸ்டீரிங்கப் பிடிக்குற மாதிரி பதமாத்தான் பிடிச்சேன். தூக்குறேன், ஒண்ணும் சொல்லல. இன்னும் தூக்குறேன், ஒண்ணும் சொல்லல. அட, கை நல்லா வருதேன்னு எனக்குச் சந்தோசம். மேல தூக்குறேன். அந்தப் பொண்ணு ஓடி வந்து என் கையப் பிடிச்சு எறக்குச்சு. என்ன சார் பண்றீங்க, அவங்க மொகத்தப் பாக்கலையான்னு.

பாத்தேன். ரெண்டு கண்ணுல இருந்தும் தண்ணி காதுப்பக்கமா ஓடித் தலகாணி நனைஞ்சிருக்கு. வாயத் தெறக்கல சார் அவ.

வலிச்சாச் சொல்ல வேண்டாமா பாக்கியம்னு கேட்டேன்.

"வலிக்குதுன்னு சொல்லவா வேண்டாமான்னு நீங்கதான சொல்லணும்?"னா.

அந்தப் பொண்ணு அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிருச்சு. நான் அவ கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம பிடிச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம் அவளே இடது கையால அத வாங்கி வயித்து மேல வச்சுக்கிட்டா.

அன்னில இருந்து தனியாத்தான் உள்ள போறா. பஸ்ஸுல ஒண்ணாத்தான் வாறோம், ஒண்ணாத்தான் போறோம். வீட்டுல கதவோரம் நின்னு அவளே பண்ணிக்கிறா. உள்ள செவுத்துல ஒண்ணுல இருந்து முப்பது வரைக்கும் பெயிண்டால கோடு போட்டு நம்பர் எழுதியிருப்பாங்க. வெரல ஒவ்வொரு கோடா ஏத்திக் கைய மேல கொண்டு போகணும். போன தடவ பதினாலு ஏறுச்சுன்னு அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. இன்னிக்கு அந்தப் பொண்ணு லீவு. வீட்டுக்காரிகிட்டக் கேட்டா பரவாயில்லம்பா.

இருபத்தேழு கூப்பிடுறாங்க பாருங்க, வேகமாத்தான் போகுது. நீங்க உள்ள போனா செவுத்துப் பக்கம் லேசாப் பாருங்க சார். ஊதாப் பொடவ, கழுத்தோட வெட்டுன முடி. எத்தனாவது கோட்டுல வெரல் நிக்குதுன்னு மட்டும் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க. நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்ல வேணாம்.